சண்டித்தனம் என்று ஒன்று இல்லை

ட்ரெய்லரில் ஏற மறுக்கும் குதிரையைப் பற்றிப் பேசும்போது 'சண்டித்தனம்' என்ற சொல் நம் வாயில் எளிதாக வந்து விழுகிறது. மறுப்பது ஒரு குணக்கேடு, அதை முறித்தாக வேண்டும் என்ற தீர்ப்பு அச்சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. தீர்ப்பு முந்திக்கொண்டால் கயிறும் சாட்டையும் பின்தொடரத்தானே செய்யும்? அந்தத் தீர்ப்பே பிழை என்பது நம் கட்சி.

குதிரையின் பக்கம் நின்று சற்றுப் பார்ப்போம். அதன் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்தவை. ஏறத்தாழ 350 பாகைக்குச் சுற்றியுள்ளதைக் காணும் அவ்விலங்குக்கு, நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் பார்வை இல்லை. ஏற்றுவதற்கு உதவ வந்தவர் சாட்டையோடு நிற்பது பெரும்பாலும் அந்தப் பின்புறத்தில்தான். வெயிலிலிருந்து இருளுக்குப் பார்வை பழக அதற்கு நம்மைவிட அதிக நேரம் வேண்டும். முன்னங்கால் பட்டதும் தளம் பொள்ளென்று ஒலிக்கிறது, சிறிது அசைகிறது. ஓடித் தப்பியே உயிர் தரித்த ஒரு குலத்தின் வாரிசிடம், ஒரே வாயில் உள்ள இருட்டுப் பெட்டிக்குள் நுழையச் சொல்கிறோம். அது தயங்கினால் அறிவுக்குறைவு என்கிறோம்! முந்தைய பயணத்தில் ஓட்டுநர் சடாரென்று பிரேக் போட்டிருந்தால் இன்னும் மோசம். அந்தக் கணக்கைக் குதிரை மறப்பதில்லை, ஓட்டுநர் மறந்துவிடுகிறார்.

பெட்டிப் பயணமும் குதிரைக்குப் பழங்கால வழக்கமன்று. இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகள் ஊர்விட்டு ஊர் நடந்தே சென்ற காலத்தில், 1836இல், ஜார்ஜ் பென்டிங்க் பிரபு எலிஸ் என்ற குதிரையைப் பெட்டிவண்டியில் ஏற்றி டான்காஸ்டருக்கு அனுப்பினார். வண்டியை இழுத்தவையும் குதிரைகளே. எலிஸ் களைப்பின்றி இறங்கி செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்றது. அன்று பெரும் வியப்பாகப் பேசப்பட்ட காரியத்தை, இன்று பத்து நிமிடத்தில் முடியவில்லையே என்று நொந்துகொள்கிறோம்.

இந்த அவசரத்துக்கு இலக்கியமும் சினிமாவும் ஓரளவு துணைபோயிருக்கின்றன. நிக்கலஸ் எவன்ஸின் 'தி ஹார்ஸ் விஸ்பரர்' நாவல் 1995இல் வெளிவந்தது. 1998இல் ராபர்ட் ரெட்ஃபோர்ட் அதைப் படமாக்கினார். காதில் ஏதோ ஓதிக் குதிரையை மாற்றிவிடும் மாமனிதன் என்ற கற்பனை அதன் பிறகு உலகெங்கும் பரவிற்று. அப்படத்துக்கு ஆலோசகராக இருந்த பக் பிரானமன், டாம் டாரன்ஸ், ரே ஹன்ட் ஆகியோர் வழியில் வந்தவர். அவ்வழியில் மந்திரம் எதுவும் இல்லை. குதிரை சரியான திசையில் ஒரு சிறு முயற்சி செய்த கணத்திலேயே கயிற்றின் இறுக்கத்தைத் தளர்த்துவது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' கைவர ஆயுள் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. தேர்ந்த கையில் தளர்வு உரிய கணத்தில் கிடைக்கிறது. நம் போன்ற சாமானியர் கையிலோ, குதிரை முன்னங்கால்களைத் தூக்கி எழும்போதுதான் அஞ்சிக் கயிற்றை விடுகிறோம். எழுந்து நின்றால் விடுதலை என்ற பாடத்தைக் குதிரை உடனே கற்றுக்கொள்கிறது. சண்டித்தனம் என்று நாம் பெயரிட்டது நாமே கற்றுக்கொடுத்தது! வெளியே ஓடவைத்துக் களைப்பாக்கி, பெட்டிக்குள் மட்டும் ஓய்வு தருவது என்ற முறையும் பரவலாக உண்டு. அது சாட்டையைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் இரண்டு தொல்லைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்பதை அழைப்பு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

வேறு வழி இருக்கிறது. ஃபெர்குசன், ரொஸாலெஸ்-ரூயிஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வொன்றில் ஐந்து குவார்ட்டர் இனப் பெண்குதிரைகள் இடம்பெற்றன. ஐந்தும் முன்பு வலுக்கட்டாயமாக ஏற்றப்பட்டவை. ஒரு குறிப்பொருளை நெருங்கினால் வெகுமதி என்று முதலில் பழக்கினார்கள். பிறகு அப்பொருளைச் சிறிது சிறிதாக ட்ரெய்லருக்குள் நகர்த்தினார்கள். குறிப்பொருள் பயிற்சிக்குப் பின் முரண்டு உடனே அற்றுப்போயிற்று. ஐந்தும் ஏறின. வேறு பயிற்சியாளர், வேறு ட்ரெய்லர் என்று மாற்றியபோதும் பழக்கம் நிலைத்தது. ஒரு குதிரைக்கு மட்டும் துணைக்கு இன்னொரு குதிரை அருகில் நின்றது உதவியதாம். இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது.

நெருப்பு வரும்போது இந்தப் பொறுமையெல்லாம் செல்லுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் மாலிபுப் பகுதியை வூல்ஸி காட்டுத்தீ சூழ்ந்தபோது ஸூமா கடற்கரை மணலில் குதிரைகளும் லாமாக்களும் கட்டப்பட்டு நின்றன, வானம் புகையால் மூடியிருந்தது. அத்தகைய நாளில் யாரும் குறிப்பொருளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது, உண்மைதான். ஆனால் அந்த நாளுக்கான பயிற்சி அந்த நாளில் நடப்பதன்று. காட்டுத்தீ அபாயம் உள்ள இடங்களில் குதிரை வைத்திருப்போரிடம் ஏற்றும் பழக்கத்தை முன்கூட்டியே ஏற்படுத்தச் சொல்வது இதனால்தான்.

எங்கும் போகவேண்டியிராத ஒரு காலையில் தொடங்கவேண்டிய வேலை இது. ட்ரெய்லரை வாகனத்தோடு பிணைத்து அசையாமல் நிறுத்தி, கதவுகளை அகலத் திறந்து வெளிச்சம் புகவிட்டு, உள்ளே கொஞ்சம் தீவனம் வைக்கலாம். முன்னங்கால்கள் இரண்டும் உள்ளே வந்ததும், இன்னும் வா என்று இழுக்காமல், பின்னால் இறங்கவிட வேண்டும். மறுபடி இரண்டு கால், மறுபடி வெளியே. அன்றைக்கு அதுவே போதும். கதவைச் சாத்துவது பற்றி அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.