பீங்கான் தாங்கும்... பெயின்ட் தாங்காது! காரில் ஒட்டிய டயர் கறையை நீக்குவது எப்படி?

மாசி மகத்துக்கு விருத்தகிரீஸ்வரரைத் தரிசித்துவிட்டு, கார் நிறுத்திய இடத்துக்கு வருகிறீர்கள். நெரிசலில் யாரோ பைக்கை உரசி எடுத்திருக்கிறார்கள். வெள்ளை பம்பரில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு டயர் கோடு! பார்த்ததும் வயிறு எரியும். வீட்டுக்கு வந்ததும் கை தேடுவது பாத்திரம் தேய்க்கும் நாரை, இல்லையென்றால் பெட்ரோல் நனைத்த பழந்துணியை.

கொஞ்சம் பொறுங்கள். முதலில் அந்த இடத்தைக் கழுவிவிட்டு, கோட்டின் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் சிக்கினால் அது கீறல். பெயின்டரிடம்தான் போக வேண்டும். நகம் சிக்காமல் வழுக்கினாலோ, மேடாகத் தட்டுப்பட்டாலோ, பெயின்ட் மேல் ரப்பர் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதை வீட்டிலேயே எடுத்துவிடலாம். எடுக்கும் முறையில்தான் விஷயம் இருக்கிறது.

பீங்கான் வேறு, பெயின்ட் வேறு

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர் என்று பீங்கான் பொருள்களுக்குப் பேர்போன ஊர். செராமிக் படிப்புக்கென்றே டிப்ளமோ கல்லூரி இருக்கும் ஊர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டும்போது கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணும் இங்கே இந்தத் தொழிலுக்கு உதவியது.

பீங்கானின் பளபளப்புக்குக் காரணம் அதன்மேல் உள்ள கிளேஸ். சூளையில் சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகி இறுகிய கண்ணாடிப் படலம் அது. புளி போடலாம், சாம்பல் போட்டுத் தேய்க்கலாம், எளிதில் மங்காது.

காரின் பளபளப்புக்குக் காரணம் கிளியர் கோட். நிறத்துக்கு மேலே பூசப்படும் நிறமற்ற பிளாஸ்டிக் படலம். தொழிற்சாலையில் இதைக் காயவைக்கும் சூடு 140 டிகிரி அளவுதான். தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான். தலைமுடியைவிட மெல்லியது! பார்வைக்குப் பீங்கான்போல மின்னினாலும், அந்த நம்பிக்கையில் நாரை எடுத்துத் தேய்த்தால் கறையோடு கிளியர் கோட்டும் போகும். போனது திரும்ப வளராது. வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவருக்குக் கார்தான் முதலீடு. விற்கப் போகும்போது, மங்கிய பெயின்ட்டைக் காட்டித்தான் முதலில் விலையைக் குறைப்பார்கள்.

தூசிதான் முதல் எதிரி

காரின் மேல் படிந்திருக்கும் தெருத்தூசியில் நுண்ணிய மணல் இருக்கும். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். பீங்கான் மாவிலும் களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் சேர்ப்பார்கள். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. கத்தியின் எஃகுக்கு 5.5 அளவுதான். கத்தியையே கீறக்கூடிய துகள்களை, காய்ந்த துணியால் பிளாஸ்டிக் படலத்தின் மேல் தேய்த்தால் என்ன ஆகும்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோலத்தான். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலைபோல வட்ட வட்டமாகத் தெரியும் கீறல்கள் இப்படி வந்தவையே.

பீங்கான் பட்டறைகளுக்கும் இதே பாடம் உண்டு. அங்கே தரையை உலர்வாகப் பெருக்கக் கூடாது. நனைத்துத்தான் துடைக்க வேண்டும். குவார்ட்ஸ் தூசி காற்றில் எழுந்து நுரையீரலுக்குள் போனால் சிலிகோசிஸ் என்ற தீராத நோய் வரும். அங்கே ஈரம் மனிதரைக் காக்கிறது. இங்கே பெயின்ட்டைக் காக்கிறது.

ரப்பர் ஏன் தண்ணீருக்கு அசையாது?

டயரில் இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், எண்ணெய், மெழுகு எல்லாம் உண்டு. கறுப்பு நிறம் தருவது கார்பன் பிளாக் என்ற புகைக்கரித் தூள். டயருக்கு வலு தருவதும் அதுவே. கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய ரப்பர் என்பதால் அது தண்ணீரில் கரையாது, சோப்பிலும் கரையாது. டர்பன்டைன் போன்ற கரைப்பான் பட்டால்கூட முழுதாகக் கரையாது. ஊறி உப்பிப் பிடிமானத்தை விடும். ஆகவே, இந்த வேலையில் கையின் பலத்தைவிடக் காத்திருக்கும் அந்த ஓரிரு நிமிடமே முக்கியம்.

புது ரோடு போட்ட இடத்தில் தெறித்து ஒட்டிய தாருக்கும் இதே மருந்துதான். தார் நன்றாகவே கரையும் என்பதால் வேலை இன்னும் சுலபம்.

படிப்படியாகச் செய்யுங்கள்

1. காரை நிழலில் நிறுத்துங்கள். கையால் தொட்டால் சூடு தெரியக் கூடாது. நிறையத் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓடவிடுங்கள்.

2. இரண்டு பக்கெட் எடுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் துணியை அலச வெறும் நீர். மைக்ரோஃபைபர் துணியால் மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். கீழே விழுந்த துணியை அலசாமல் மறுபடி காரில் வைக்காதீர்கள்.

3. பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனையோ, கார் கடையில் கிடைக்கும் தார் ரிமூவரையோ வாங்குங்கள். கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

4. துணியில் கொஞ்சம் நனைத்து, கறையின் மேல் ஒரு நிமிடம் ஒற்றி வையுங்கள். பிறகு அழுத்தாமல் ஒரே திசையில் இழுங்கள். துணி கறுத்ததும் மடித்துச் சுத்தமான பக்கத்தைப் பயன்படுத்துங்கள். இரண்டு, மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

5. உடனே ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்து, அந்த இடத்தில் வேக்ஸ் பூசுங்கள். இருந்த வேக்ஸ் ரப்பரோடு சேர்ந்து போயிருக்கும்.

கறையை நாள்கணக்கில் விட்டுவைக்க வேண்டாம். டயரில் சேர்க்கும் சில ரசாயனங்கள் வெளிர்நிற பெயின்ட்டுக்குள் இறங்கி மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறை பிடிக்கும். அப்புறம் ரப்பர் போனாலும் நிழல் போகாது.

களிமண்ணால் கார் துடைக்கலாமா?

இதற்குப் பிறகும் பெயின்ட்டைத் தடவினால் சொரசொரவென்று இருக்கிறதா? அதற்குத்தான் கிளே பார். பெயரில் களிமண் இருந்தாலும் சூளைக் களிமண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இழுத்தால் நீளும் செயற்கைப் பிசினில் மிக நுண்ணிய அரைதூளைக் கலந்து செய்தது. ஜப்பானைச் சேர்ந்த தடாவோ கோடாட்டே இதற்கு 1995-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பெயின்ட்டை ஷாம்பு நீரால் வழுவழுப்பாக்கி, இதை மெதுவாக நகர்த்தினால் ஒட்டியிருக்கும் அழுக்கைப் பிடுங்கிக்கொள்ளும். தரையில் விழுந்த கிளே பாரைத் தூக்கிப்போட வேண்டியதுதான், மணல் ஏறியிருக்கும்.

'செராமிக் கோட்டிங்' போட்டாலும் கார் பீங்கான் ஆகிவிடாது. அது சிலிக்கா சார்ந்த திரவப் பூச்சு. அழுக்கு எளிதில் ஒட்டாது, கழுவுவது சுலபம். மணல் கீறலைத் தடுக்கும் கவசம் என்று நம்ப வேண்டாம்.

இவை வேண்டாம்

* பாத்திர நார், சாம்பல், புளி, துணி சோப்புத்தூள், டூத் பேஸ்ட்.

* பெட்ரோல். அதன் ஆவி தரையோடு பரவி, தள்ளியிருக்கும் சிறு பொறியிலும் பற்றும்.

* தின்னர். டிங்கரிங் பார்த்து மறுபெயின்ட் அடித்த இடத்தில் பட்டால் பெயின்ட்டே கரைந்து வரலாம். புதிதாகப் பெயின்ட் அடித்த பாகத்தில் ஒரு மாதத்துக்காவது டர்பன்டைனும் வேண்டாம்.

* ஹெட்லைட் மேல் எந்தக் கரைப்பானும் வேண்டாம். அந்த பிளாஸ்டிக்கில் வெடிப்பு விழும்.

டர்பன்டைனும் தீப்பற்றக்கூடியதே. காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டு, குழந்தைகளைத் தள்ளி நிறுத்திச் செய்யுங்கள். நனைந்த துணியை வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.

வாட்டர் வாஷ் கடைக்குத்தான் கொடுக்கப் போகிறீர்களா? வண்டியை விடும்முன் மூன்றே கேள்வி கேளுங்கள். துணியை வைக்கும்முன் தண்ணீர் அடிப்பீர்களா? துணியை எதில் அலசுவீர்கள்? காம்பவுண்ட் போடுவதென்றால் என்னைக் கேட்டுவிட்டுப் போடுவீர்களா? காம்பவுண்ட் என்பது கிளியர் கோட்டைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பளபளப்பாக்குவது. 50 மைக்ரானில் எத்தனை முறை சுரண்டலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான்.