அவசரமா, அவசியமா?

போன செமஸ்டரில் ஐநூறு ரூபாயால் ஒரு நட்பு முறியப் பார்த்தது. காரணம் பணம் இல்லை, ஒரே ஒரு சொல்.

பெரம்பலூர் ஹாஸ்டலில் என் ரூம்மேட் நெல்லூர்க்காரன். பரீட்சை ஃபீஸ் கட்ட அவனிடம் ஐநூறு ரூபாய் வாங்கியிருந்தேன். மாதக் கடைசியில் "பணம் அவசரமாடா?" என்று கேட்டேன். "அவசரம் லேதுரா" என்றான். சரி, மெதுவாகக் கொடுத்தால் போதும் என்று இருந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்துப் பணத்தை நீட்டியதும் அவன் முகம் வாடிவிட்டது. "வேணாம்னு அன்னைக்கே சொன்னேன் இல்ல... என்கிட்டயே கணக்குப் பாக்கறியா?" என்றான் அரைகுறைத் தமிழில். இரண்டு நாள் பேச்சே இல்லை.

பிறகுதான் தெரிந்தது, தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை! நம்முடைய அவசரத்துக்கு அவர்கள் சொல்வது 'தொந்தர'. மெஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவன் "தொந்தரகா ரா" என்பான். சீக்கிரம் வா என்று அர்த்தம். நானோ முதல் வருடம் முழுக்க என்னைத்தான் தொந்தரவு என்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் :) கன்னடத்தில் 'தொந்தரெ' என்றால் நம்மைப் போலவே தொல்லைதான்.

இதைச் சொன்னால் வகுப்பில் சிலர், "நல்ல சொல்லை அவங்க கெடுத்துட்டாங்க" என்று சிரிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவசரம் நம் சொல்லே இல்லையே! சமஸ்கிருதத்தில் அதற்குத் தருணம், வாய்ப்பு என்று பொருள். மலையாளத்தில் இன்றும் வாய்ப்புதான். "ஒரு அவசரம் தரணம்" என்று ஒரு மலையாளி கேட்டால் அவர் ஒரு சான்ஸ் கேட்கிறார், அவ்வளவுதான். இந்தியில் 'அவ்சர்' என்றாலும் அதுவே. ஒரு தருணம் வந்தால் அதில் வாய்ப்பு இருக்கும், தேவை இருக்கும், ஓட்டமும் இருக்கும். ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டோம். இதில் யார் சரி, யார் தப்பு?

அதிலும் நம் பக்கத்து ஆட்கள் இப்படிச் சிரிக்கலாமா? அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு 1070 முதல் ஆண்டவன் முதலாம் குலோத்துங்கன். அவன் அம்மா ராஜேந்திர சோழனின் மகள். அப்பா வேங்கி நாட்டு ராஜராஜ நரேந்திரன், நன்னயரைத் தெலுங்கில் மகாபாரதம் பாடவைத்தவன். இரண்டு மொழியும் ஒரே வீட்டில் பழகிய ஊர் இது.

என் கருத்து இதுதான். தெரியாத சொல்லால் ஆபத்து இல்லை, அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொள்வோம். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். ஜெர்மனில் 'கிஃப்ட்' என்றால் விஷமாம்! அதனால் யாராவது சொன்ன வார்த்தை மனதைக் குத்தினால், கோபப்படுவதற்கு முன் "நீ என்ன அர்த்தத்துல சொன்ன?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

அந்த ஐநூறை அவன் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. திருப்பிக் கொடுக்க எனக்கு ஒரு அவசரம் வேண்டும்... மலையாள அர்த்தத்தில்!