வாத்தியார் பக்கம்: அச்சுக் கோடு மீண்டும் மீண்டும் விலகுவது ஏன்?



குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தில் மகனுக்குப் பழைய பேனர் அச்சு இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுத்தாராம். தம்பி பட்டணத்தில் சிறு கடை வைத்திருக்கிறார். அச்சில் கோடுகள் இரட்டையாக விழுகின்றன. காலையில் சரிப்படுத்தினால் மாலைக்குள் மறுபடி விலகிவிடுகிறது. வாடிக்கையாளர் பேனரைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். "இயந்திரத்தை வந்த விலைக்கு விற்றுவிடலாமா ஐயா?" என்று கேட்கிறார்.

அம்மா, அவசரப்பட வேண்டாம். சரிசெய்தது நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. அதைத் தேடிப் பார்ப்போம்.

முதலில், இந்த இயந்திரம் வேலை செய்யும் விதம். மை தெளிக்கும் 'ஹெட்' ஒரு தண்டவாளத்தின் மீது இடமும் வலமுமாக ஓடும். அதன் அடியில் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்துளைகள் வரிசையாக இருக்கும். ஓடிக்கொண்டே அவை மைத்துளிகளை விடும். ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் துணி கொஞ்சம் முன்னே நகரும்.

சைக்கிளில் போகும் பையன் வண்டியை நிறுத்தாமலே வாசலில் பத்திரிகை எறிவதைப் பார்த்திருப்பீர்கள். வாசலுக்கு நேரே வந்து எறிந்தால் பத்திரிகை தாண்டிப் போய் விழும். சற்று முன்னதாகவே எறிய வேண்டும். திரும்பி வரும்போது மறுபக்கத்தில் முன்னதாக எறிய வேண்டும். வீடு தள்ளியிருந்தால் இன்னும் முன்னதாக எறிய வேண்டும். மைத்துளியின் கதையும் இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹெட் விநாடிக்கு 1 மீட்டர் ஓடுகிறது, துளி விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெட்டுக்கும் துணிக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டர் என்று சரிப்படுத்திவிட்டு, பிறகு அது 3 மில்லிமீட்டர் ஆனால், போகும்போது ஆறில் ஒரு மில்லிமீட்டரும் வரும்போது ஆறில் ஒரு மில்லிமீட்டரும் எதிரெதிராக விலகும். இரண்டும் சேர்ந்தால் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். பெரிய எழுத்தில் இது தெரியாது. நன்கொடையாளர் பெயர்ப் பட்டியலிலும் தொலைபேசி எண்ணிலும் நன்றாகத் தெரியும். நம் எழுத்துக்குப் புள்ளி உயிர். ஓலையில் எழுதிய காலத்தில், ஓலை கிழியுமென்று புள்ளியை விட்டுவிட்டார்கள். படிப்பவர் ஊகித்துப் படித்தார். இன்று காசு கொடுத்து பேனர் வாங்குபவர் ஊகிக்க மாட்டார்.

தம்பி இந்த வரிசையில் சோதிக்கட்டும்.

ஒன்று: துளைச் சோதனைத் தாளை அச்சிட வேண்டும். கோடுகள் விடுபட்டிருந்தால் துளை அடைத்திருக்கிறது. முதலில் சுத்தம், பிறகுதான் சரிப்படுத்தல்.

இரண்டு: அதே படத்தை ஒரு திசையில் மட்டும் ஓடும்படி வைத்து அச்சிட வேண்டும். இரட்டைக் கோடு மறைந்தால் கோளாறு போக்குவரத்துக் கணக்கில்தான். ஹெட்டின் உயரத்தைப் பார்க்க வேண்டும். தடித்த பேனர் துணியிலிருந்து மெல்லிய வினைலுக்கு மாறும்போதெல்லாம் உயரத்தையும் கணக்கையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். துணியின் ஓரம் மேலெழும்பியிருந்தாலும் இதே கோளாறு வரும்.

மூன்று: ஒரு திசையில் அச்சிட்டும் விலகல் போகவில்லையா? குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் வருகிறதா? தண்டவாளத்தை ஒட்டி ஒளிபுகும் மெல்லிய பட்டை ஒன்று ஓடும். 'என்கோடர்' பட்டை என்பார்கள். அதிலுள்ள நுண்கோடுகளை எண்ணித்தான் ஹெட் தன் இடத்தை அறிகிறது. மைத்தூசி படிந்தால் எண்ணிக்கை தவறும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பஞ்சு உதிராத துணியால் மெதுவாகத் துடைக்கலாம். என்ன திரவம் என்பதை இயந்திரக் கையேட்டில் பார்த்தே தொட வேண்டும். கண்ட மருந்தைப் போட்டால் கோடுகளே அழியக்கூடும். பட்டை சுத்தமாக இருந்தும் தீரவில்லை என்றால், தளர்ந்த பெல்ட்டைப் பார்க்க வேண்டும்.

நான்கு: குறுக்கே சீரான இடைவெளியில் கோடு விழுந்தால், அது துணி நகரும் அளவில் உள்ள பிழை. வெள்ளைக் கோடு என்றால் துணி அதிகம் நகர்கிறது. கருங்கோடு என்றால் குறைவாக நகர்கிறது. அழுத்தும் உருளைகளில் தூசி இருக்கிறதா, துணி கோணலாக ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பால் வெட்டுகிறவர் நேற்றைய வெட்டு முடிந்த இடத்தில் இன்றைய வெட்டைத் தொடங்குவது போல, ஒவ்வோர் ஓட்டமும் முந்தையதை ஒட்டி அமைய வேண்டும்.

இனி, காலையில் சரி, மாலையில் தவறு என்பதற்கு வருவோம். காகிதம் ஈரம் உறிஞ்சி விரியும். வினைல், சூட்டில் நீளும். நம் ஜொகூரில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. பொங்கலும் தைப்பூசமும் அந்த மாதங்களில்தான் வருகின்றன. வேலை குவியும் நேரமும் ஈரம் மிகுந்த நேரமும் ஒன்றாகவே அமைகின்றன. ஆகவே சுருளை முதல் நாளே கடைக்குள் கொண்டு வந்து வைக்க வேண்டும். இயந்திரத்தின் சூடேற்றி நிலையான சூட்டுக்கு வந்த பிறகே கணக்கைச் சரிப்படுத்த வேண்டும். குளிர்ந்திருக்கும்போது சரிப்படுத்தினால், சூடேறியதும் மாறிவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, துணி வகை, ஹெட் உயரம், சூடு, சரிப்படுத்திய எண்கள், வானிலை ஆகிய ஆறும் அதில் இருக்கட்டும். இரண்டு வாரத்தில் எந்தத் துணியில், எந்த நேரத்தில் விலகுகிறது என்பது தெரிந்துவிடும். பழுது பார்ப்பவரை அழைக்க நேர்ந்தாலும், சோதனைத் தாள்களோடு அதைக் காட்டினால் வீண் செலவு குறையும். அதுவரை சிறிய எழுத்து வேலைகளை ஒரு திசையில் மட்டும் அச்சிடுங்கள். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆனால் பேனர் திரும்பி வராது.

அம்மா, இத்தனையும் பார்த்த பிறகும் ஹெட்டே தேய்ந்துவிட்டது என்று தெரிந்தால், புது ஹெட்டின் விலையையும் இயந்திரத்தின் விலையையும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். அப்போது விற்பது தோல்வி ஆகாது. காரணம் தெரியாமல் விற்றால், அடுத்து வாங்கும் இயந்திரத்திலும் இதே கோடுதான் விலகும்.