சோழர் படையும் தென்கிழக்கு ஆசியக் கோயில்களும்

வடக்கே கொற்கை, அருகே காயல்பட்டினம் என்னும் பழந்துறைகளுக்கு நடுவே உப்பளங்கள் சூழ்ந்த ஆறுமுகநேரி முதல் தமிழகத்தின் கடைக்கோடி ஊர்வரை, மேடைதோறும் ஒரு கூற்று ஐயமற்ற உண்மையாக முழங்கப்படுகிறது. சோழ அரசன் முதலாம் இராசேந்திரன் கப்பற்படையோடு சென்று மலாய்த் தீபகற்பத்தின் கடாரத்தை வென்றதால்தான் தென்கிழக்கு ஆசியா சமயமும் எழுத்தும் கோயிற்கலையும் பெற்றது என்பதே அது. இது வரலாறு அன்று; வெற்றிப் பெருமிதம் வரலாற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டதன் விளைவு.

காலக்கணக்கு ஒன்றே இதை மறுக்கப் போதுமானது. இராசேந்திரனின் படையெடுப்பு 1025ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. சாவகம் எனப்படும் ஜாவாத் தீவின் போரோபுதூர்த் தூபியோ ஏறத்தாழ 800ஆம் ஆண்டளவிலும், பிரம்பானான் சிவன் கோயில் ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவிலும் எழுந்துவிட்டன. அரசனின் வெற்றிகளைப் புகழ்ந்து கல்வெட்டின் தொடக்கத்தில் பொறிக்கப்படும் மெய்க்கீர்த்தியும், அவன் கைப்பற்றிய யானைகளையும் பெருஞ்செல்வத்தையும் அணிவாயிலையும் ஊர்களையும் பட்டியலிடுகிறதே தவிர, அங்குள்ளோர்க்கு அவன் எதையேனும் கற்பித்ததாகக் கூறவில்லை. கவர்ந்து வந்ததாக அவனே பொறித்துவைத்த செயலைக் கொடையாக மாற்றிச் சொல்வது அந்தக் கல்வெட்டுக்கே இழைக்கும் அநீதி.

உண்மையில் நடந்தது என்ன என்பதைப் போர்னியோத் தீவின் கூத்தாய்ப் பகுதியில் கிடைத்த வேள்வித்தூண்கள் காட்டுகின்றன. ஏறத்தாழ 400ஆம் ஆண்டளவில் தென்னிந்திய வரிவடிவில், வடமொழியில் எழுதப்பட்ட அவற்றில் மூலவர்மன் என்னும் அரசன் தன் தந்தையை அசுவவர்மன் என்றும் பாட்டனைக் குண்டுங்கன் என்றும் குறிக்கிறான். பாட்டன் பெயர் வடமொழிப் பெயரன்று, மண்ணின் பெயர். வெளியார் எவரும் அக்குடியை வென்று அரியணையேறவில்லை. அம்மண்ணுக்குரிய அரசர்களே தங்கள் தேவைக்கேற்ப அந்தணரை வைத்து வேள்வி செய்து, பசுக்களைத் தானமளித்து, புதிய பெயர்களைச் சூடிக்கொண்டனர். தேர்ந்தெடுத்தவர் அவர்களே. அந்தத் தேர்வை மறைத்துவிட்டு அவர்களை வெறும் மாணவராக்குவது, ஐரோப்பியர் தம் காலனிகளைப் பற்றிப் பேசிய அதே மொழியைத் தமிழில் பேசுவதாகும்.

போக்குவரத்து ஒருவழியாகவும் இருந்ததில்லை. கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பியதையும், இராசேந்திரனின் தந்தை முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலத்தைத் தானமளித்ததையும் லெய்டன் செப்பேடுகள் எனப்படும் சோழர் பட்டயங்கள் பதிவுசெய்துள்ளன.

ஆறுமுகநேரி அமைந்த முத்துக்குளித்துறைக் கடற்கரையிலேயே இந்த இருவழிப் போக்குவரத்துக்குச் சான்றுண்டு. சென்னை மாகாண முத்து, சங்குக் குளிப்புகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில், கவிழாதிருக்கப் பக்கவாட்டில் கழிகளால் மிதவைக் கட்டை பிணைக்கப்பட்ட தென்கடல் படகுகளில் மலாய, பொலினீசிய மாலுமிகளின் செல்வாக்கைக் கண்டார். தமிழரின் மங்கலத் தாம்பூலத்துக்குரிய வெற்றிலையும் பாக்குங்கூடத் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த பயிர்கள் என்பதே தாவரவியலார் கருத்து. அவற்றைக் கொண்டுவந்த கடலோடிகளுக்கோ, கடாரப் படையெடுப்பைப் பாடும் மேடைகளில் ஒரு சொல்லளவு இடமும் இன்றுவரை கிடைக்கவில்லை.