சாவியைக் கொடுக்காதீர்கள்

ஓர் ஆண் தன் காரை யாருக்கும் தராவிட்டால், "அவனுக்கு வண்டின்னா உசிரு" என்கிறார்கள். ஒரு பெண் தராவிட்டால், "கார் வாங்கினதும் கால் தரையில நிக்கல" என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வாளியும் துணியுமாகக் காரைத் துடைக்கும் ஆணைப் பார்த்து எந்தத் தெருவும் சிரிப்பதில்லை. அதையே ஒரு பெண் செய்தால், வீட்டில் வேலை இல்லையா என்று கேட்க ஆள் வந்துவிடுகிறது. ஒரு பொருளின் மேல் ஆசை வைப்பதற்குக்கூட இங்கே ஆணாகப் பிறந்திருக்க வேண்டும்.

மாதத் தவணை அவள் சம்பளத்திலிருந்து போகிறது. ஆர்.சி.யில் அவள் பெயர் இருக்கிறது. ஆனால் வண்டி வாசலுக்கு வந்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கிய அன்றே அது "நம்ம வண்டி" ஆகிவிடுகிறது. கொழுந்தன் நண்பர்களோடு ஏற்காடு போகிறான். அண்ணன் "ஒரு ரவுண்டு" போய்வருகிறார். யாரும் கேட்பதில்லை, ஆணியில் தொங்கும் சாவியை எடுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் அவள் உட்காரும்போது இருக்கை பின்னால் தள்ளியிருக்கிறது, கண்ணாடிகள் வேறொருவர் உயரத்துக்குத் திரும்பியிருக்கின்றன, உள்ளே சிகரெட் வாடை. கதவில் கீறலைக் காட்டினால், "சின்னக் கோடுதானே!" அந்தக் கோடு அவள் ஓட்டும்போது விழுந்திருந்தால்? "பொம்பளை ஓட்டினா இப்படித்தான்."

வெளியே போனாலும் இதுதான். வண்டி நிறுத்தும் இடத்தில், "நகருங்க மேடம், நான் போட்டுத் தரேன்." மெக்கானிக் கடையில், "சாரை வரச் சொல்லுங்க." பக்கத்து இருக்கையில் கணவர், "பிரேக்! பிரேக்!" எல்லாம் உதவி என்ற பெயரில் வருகிறது. நீ இதை வாங்கலாம், ஆள முடியாது என்பதுதான் அந்த உதவி சொல்லும் சேதி.

ஆனால் விபத்தென்று வந்தால் சட்டம் உரிமையாளரைத்தான் தேடி வரும். உரிமம் இல்லாதவரை வண்டி ஓட்ட விட்டால், 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமையாளருக்கு மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ மூன்று ஆண்டு வரை சிறையையும் 25,000 ரூபாய் அபராதத்தையும் சந்திக்க நேரும். தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர்கள் தலையில்தான். "தெருமுனை வரைக்கும்தானே, பையன் ஆசைப்படறான்" என்று சாவியை எடுத்துக் கொடுக்கும் மாமனார் இதைச் சொல்வதில்லை. ஓட்டுவது ஊர் உரிமை. வழக்கு மட்டும் அவள் பெயரில்.

இந்தக் கணக்கு காரைப் போலவே பழையது. கார்ல் பென்ஸின் தொழிலுக்குத் திருமணத்துக்கு முன்பே தன் சீர்ப்பணத்தைப் போட்டவர் பெர்த்தா. 1886இல் காருக்கான காப்புரிமை கணவர் பெயரில் பதிவானது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், அந்த வண்டியை ஓட்டிப் போனார். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் அது. அவர் பணம் போட்ட தொழிலில் உருவான வண்டியை அவர் எடுத்ததுதான் இன்றும் துணிச்சல் கதையாகச் சொல்லப்படுகிறது.

"குடும்பத்தில் பகிர்ந்துகொள்வது தப்பா?" என்று கேட்பார்கள். தப்பில்லை. பகிர்வதென்றால் முதலில் கேட்க வேண்டும். கேட்டால் "இல்லை" என்ற பதிலுக்கும் இடம் இருக்க வேண்டும். கொழுந்தனின் புல்லட்டை அவன் தூங்கும்போது எடுத்துப் போய்ப் பாருங்கள், பகிர்வின் எல்லை தெரியும். பெண்ணின் நகை அடகுக் கடைக்குப் போனதும் "நம்ம குடும்பம்" என்ற இதே சொல்லின் வழியாகத்தான். மீட்டுத் தருவதாகச் சொன்னவர்களில் எத்தனை பேர் மீட்டார்கள் என்று நம் அம்மாக்களுக்குத் தெரியும்.

கார், ஸ்கூட்டர், எதுவானாலும் அது ஒரு பெண்ணுக்குக் கடைசிப் பேருந்து போன பிறகும் வீடு திரும்பும் வழி. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரையும் எழுப்பாமல் கிளம்பும் வழி. அடி விழும் வீட்டிலிருந்து வெளியேறும் வழியும் அதுதான். அந்த இரவில் வண்டி ஏற்காட்டில் இருந்தால் ஆர்.சி.யில் உள்ள பெயரால் என்ன பயன்?

ஆகவே ஆணியைப் பிடுங்குங்கள். இரண்டு சாவிகளையும் உங்கள் பையில் வையுங்கள். யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். தர விருப்பமில்லையென்றால் "தர மாட்டேன்" என்று சொல்லுங்கள். சர்வீசுக்கு விட்டிருக்கிறது, டயரில் காற்றில்லை என்றெல்லாம் பொய் தேடாதீர்கள். டயருக்குக் காற்றடித்துக்கொண்டு நாளை மறுபடியும் வருவார்கள்.