ஆற்றுப் பயணமும் நம் மாணவரும்

கல்லூரியின் விழாவையொட்டிச் செய்யத்தக்கன எவை என்று பழைய மாணவரும் இன்றைய மாணவரும் கூடி ஆராய்ந்து வருகின்றனர். கட்டிட நிதி, நூல்நிலையம், விளையாட்டரங்கு என்பன பற்றிய யோசனைகளுக்கிடையே, இளைஞர் சிலர் புதிதாக ஒன்றைக் கூறியுள்ளனர். உக்குவளையிற் சுது கங்கையில் இறப்பர் மிதவைகளை இறக்கி, அம்பன் கங்கை வழியே நான்கைந்து நாட் சென்று மகாவலியை அடைய வேண்டும் என்பது அவர்தம் விருப்பம். இதனைக் கேட்ட பெரியோருட் பலர், "ஆற்றுப் பக்கமே போகவேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டனர். இளைஞரோ மிதவையின் விலையை விசாரிக்கத் தொடங்கிவிட்டனர். இரு சாராரும் ஒரு விடயத்தில் ஒத்தவரே: ஆற்றைப் பற்றி எவரும் இன்னும் விசாரிக்கவில்லை. அதனை விசாரிப்பதுதான் பயணத்தின் பெரும்பகுதி என்பது என் துணிபு.

சிங்களத்திற் 'சுது' வெண்மையையும் 'களு' கருமையையும் குறிக்கும். வெண்கங்கையும் கருங்கங்கையும் ஒரே மாவட்டத்தில் ஓடி, அம்பன் கங்கையிற் கலக்கும் பேறு மாத்தளைக்கு உண்டு. (களுத்துறையிற் கடலையடையும் களு கங்கை வேறு, ஈண்டுக் குறிப்பது நக்கிள்ஸ் மலைத்தொடரிலிருந்து லக்கலைப் பகுதிக்கு இறங்குவது.) பெயர் பழையதாயினும், நம் பாட்டன்மார் குளித்த சுது கங்கை வேறு, இன்றைய சுது கங்கை வேறு. 1976 ஆம் ஆண்டிற் பொல்கொல்லவில் மகாவலியை மறித்து, மலையைக் குடைந்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே அதன் நீரின் ஒரு பகுதியை உக்குவளை மின்னிலையத்துக்குக் கொணர்ந்தனர். அந்நீர் மின்னாழிகளைச் சுழற்றியபின் சுது கங்கையில் விழுகின்றது. ஆகவே மின்னிலையத்திற்குக் கீழே ஆற்றின் அளவைத் தீர்மானிப்பது மழை மட்டுமன்று. மின்னாழியை எப்போது இயக்குவது, பொல்கொல்லவில் எவ்வளவு நீரைத் திருப்புவது என்னும் முடிவுகளும் தீர்மானிக்கின்றன. வானம் தெளிந்திருக்கும் நாளிலும் நீர் உயரலாம். காலையிற் கல்லுக்குக் கல் தாண்டக்கூடியதாயிருந்த இடம் பிற்பகலில் அவ்வாறிராது. மிதவையின் விலையை அறிந்த இளைஞர், மின்னாழி இயங்கும் நேரத்தை அறியாது ஆற்றில் இறங்குவாராயின், அவர் விலைகொடுத்து வாங்கியது ஆபத்தையேயாம்.

இன்னுங் கீழே செல்வோம். நாவுலப் பகுதியிற் போவத்தென்ன நீர்த்தேக்கம் ஆற்றை நிறுத்துகின்றது. அங்கிருந்து ஒரு பங்கு சுரங்க வழியாகக் கலா வாவியை நோக்கித் திரும்ப, மற்றைய பங்கு மின்னிலையத்தின் ஊடாக அம்பன் கங்கைக்கு மீள்கின்றது. அதற்கும் கீழே, 2018 ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கம் உண்டு. துள்ளி ஓடும் நீரை நாடிச் செல்வோர் அங்கே காணப்போவது காற்றுக்கு எதிராகத் துடுப்புப் போடவேண்டிய ஏரியையே. அதன்பின் எலஹெர. மன்னர் காலந்தொட்டு மின்னேரியாவுக்கு நீர் பிரித்த பழம்பெரும் அணை அங்குள்ளது. ஆற்றிற் குறுக்கே அமைந்த உயரங் குறைந்த அணைகளைக் கண்டு பயணிகள் அஞ்சுவதில்லை; அதுவே கேடு. இத்தகைய அணையின் அடியில் விழும் நீர் மேலெழுந்து பின்னோக்கிச் சுழல்வதால், அகப்பட்டவனை வெளியே விடாது மீண்டும் மீண்டும் உள்ளிழுக்கும். இடியோசையோடு விழும் அருவியைக் கண்டு ஒதுங்குபவன், ஓசையடங்கிய இத்தகைய அணையில் உயிரிழப்பதுண்டு. எலஹெரவுக்கு அப்பால் 1984 ஆம் ஆண்டிற் பிரகடனஞ் செய்யப்பட்ட வஸ்கமுவ தேசியப் பூங்கா ஆற்றின் ஓரமாக விரிகின்றது. யானையும் முதலையும் வாழும் அக்கரையிற் கூடாரமடித்து உறங்குவது, அனுமதியின்றியாயிற் குற்றம். அனுமதி கிடைப்பினும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆகாதது.

எனவே, உக்குவளையிலிருந்து மகாவலி வரை ஓடத்தை விட்டிறங்காத பயணம் என்று ஒன்று இல்லை. ஓடத்தைத் தோளிற் சுமந்தோ வண்டியில் ஏற்றியோ அணைதோறும் சுற்றிச் செல்லவேண்டும். இதனைச் சொல்லும்போது இளைஞர் முகம் வாடுவதை அறிவேன். எனினும் வெளியுலகில் இத்துறையிற் பழகியோரும் இவ்வாறுதான் செய்கின்றனர். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றிற் பெரும் பள்ளத்தாக்கினூடே இரண்டு மூன்று வாரம் மிதவையிற் செல்வோர் இன்றும் உளர். அவர்க்கு அனுமதி குலுக்கற் சீட்டு முறையில் வழங்கப்படுகிறது. அங்கும் மேலே உள்ள கிளென் கன்யன் அணை எவ்வளவு நீரை விடுகின்றது என்பதைப் பார்த்தே நாள்தோறும் எங்குத் தங்குவது, எந்த விரைவோட்டத்தை எப்போது கடப்பது என்று முடிவு செய்கின்றனர். தம் கழிவையும் பாத்திரத்தில் அடைத்துத் திரும்பக் கொண்டுவருகின்றனர். நமது சுற்றுலாக்களின் முடிவில் ஆற்றங்கரையிற் கிடக்கும் சோற்றுப் பொதிகளை நினைத்து இதனைக் குறிப்பிட்டேன்.

அவ்வாற்றை 1869 ஆம் ஆண்டில் ஆராயச் சென்ற யோன் வெஸ்லி பவல் என்பவரின் கதை, திட்டமிடுவோர் ஒவ்வொருவரும் அறியவேண்டியது. உள்நாட்டுப் போரிலே ஒரு கையை இழந்தவர் அவர். ஒன்பது துணைவருடனும் நான்கு படகுகளுடனும் பத்து மாதத்துக்கான உணவுடனும் மே மாதம் 24 ஆம் நாட் புறப்பட்டார். ஒரு படகு கவிழ்ந்தாலும் யாவும் அழியாதவாறு பொருள்களைப் பகிர்ந்தே ஏற்றியிருந்தனர். ஆயினும் பாரமானிகள் அனைத்தும் எவ்வாறோ ஒரே படகில் ஏறிவிட்டன. அந்தப் படகே பாறையில் மோதி உடைந்தது! நற்பேறாக, உடைந்த துண்டிலிருந்து பாரமானிகளை மீட்டனர். உணவு நனைந்து பூஞ்சணம் பிடித்தது. ஆகஸ்ட் 28 ஆம் நாள், இனி வரும் விரைவோட்டத்துக்கு அஞ்சி மூவர் பிரிந்து மலையேறினர். அவர்கள் உயிரோடு திரும்பவில்லை. ஆற்றோடு சென்றவர் அடுத்த இரண்டு நாளுக்குள் பள்ளத்தாக்கைக் கடந்தனர். அப்போது எஞ்சியவை இரண்டு படகுகள், ஆறு மனிதர். முன்னே இருப்பதை அறிய வழியில்லாத ஆற்றில் அவர்கள் இறங்கியது துணிவு. அணைதோறும் பொறியியலாளர் இருக்கும் நம் ஆற்றிற் கேளாது இறங்குவதற்கு அப்பெயர் பொருந்தாது.

பல நாட் பயணம் என்பது நம் சமூகத்துக்குப் புதிதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே மன்னாரிற் கரையேறி, காடுகளைக் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்த தொழிலாளர் பல்லாயிரவர். அவர்க்காகத் திட்டமிட்டார் எவருமிலர். நல்ல நீரும் தங்குமிடமும் மருந்தும் போதாமையால் வாந்திபேதி கண்டு வழியிலே மாண்டோர் எத்தனையோ பேர். அந்த வழியில் வந்தோரின் பேரப்பிள்ளைகள் தாம் பயணஞ் செய்யும்போது, நீரும் மருந்தும் தங்குமிடமும் முதலில் எழுதப்பட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது வீணன்று.

மருந்து என்றதும் வெட்டுக்காயத்துக்குப் பூசுவதையே பலரும் நினைப்பர். மாத்தளையில் நினைக்கவேண்டியது எலிக்காய்ச்சலை. 2008 ஆம் ஆண்டில் நாட்டிற் பரவிய எலிக்காய்ச்சல் நம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கிற்று. அது வயலில் இறங்குவோரை மட்டும் பற்றும் நோயன்று. 2000 ஆம் ஆண்டிற் போர்ணியோத் தீவின் சபா மாநிலத்தில் நடந்த சர்வதேச சாகசப் போட்டியில், செகாமா ஆற்றில் நீந்திய உடல்வலி மிக்க வீரர் பலர் இந்நோய்க்கு ஆளாகித் தத்தம் நாடு சென்றபின் படுத்தனர். முன்னதாக டொக்சிசைக்கிளின் உட்கொண்டோர்க்கு அது ஓரளவு காப்பளித்தது. பயணத்துக்கு முன் வைத்திய அதிகாரியின் ஆலோசனை பெறுதலும், திரும்பிய பின் சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால் "ஆற்றில் இறங்கினேன்" என்று வைத்தியரிடம் சொல்லுதலும் எழுத்திலே இருக்கவேண்டும்.

உலகெங்கும் விரைவோட்டங்களை ஒன்று முதல் ஆறு வரை தரப்படுத்துவர். ஆறாந்தரம் உயிரைப் பணயம் வைப்பது. மூன்றாந்தரத்துக்கே பயிற்சி வேண்டும். ஆனால் இத்தரம் கல்லிற் பொறித்ததன்று. நீர் உயர்ந்தால் தரமும் மாறும். மேலும், நான்கு நாளுக்குரிய உணவும் கூடாரமும் ஏற்றிய மிதவை மெல்லத்தான் திரும்பும். வெறும் ஓடத்தில் விளையாட்டாகக் கடக்கும் இடத்தை, சுமையோடு வருபவர் கரையாற் சுற்றுவதே முறை. வீதி எட்டாத இடத்திற் கால் முறிந்தால் என்ன செய்வது என்பதற்கு விடை எழுதாத நாளைத் திட்டத்திற் சேர்க்கக் கூடாது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'தித்வா' புயலின்போது பெருகிய வெள்ளமும் மண்சரிவும் நம் மலைகளை எவ்வாறு குலைத்தன என்பதை யாவரும் அறிவோம். அத்தகைய வெள்ளத்தின்பின் ஆற்றின் படுகை பழைய படுகையன்று. புரண்ட பாறைகளும் நீருக்குள் வீழ்ந்த மரங்களும் புதிய இடர்களாகும். மரக்கிளைகளினூடே நீர் வடிந்து செல்லும். மனிதன் வடிந்து செல்லமாட்டான். முன்னர் போய்வந்தவர் சொல்லும் பழைய கதையை நம்பி இறங்குதல் கூடாது என்பதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டியதில்லை.

பெரியோரின் மறுப்பையும் நான் ஏற்பதற்கில்லை. ஆற்றங்கரையில் வளரும் பிள்ளையை ஆற்றிலிருந்து விலக்கிவைக்க எந்தச் சுற்றறிக்கையாலும் இயலாது. தடைசெய்தால், அவன் சொல்லாமற் போவான். நீந்தத் தெரியாமலும் போவான். தோட்டப்புறத்து மாணவ மாணவியருட் பலருக்கு நீச்சல் பயிலும் வாய்ப்பே கிட்டியதில்லை. மிதவைக்கென எண்ணும் பணத்தில் முதற் பங்கு நீச்சற் பயிற்சிக்கும், அளவுக்குப் பொருந்திய உயிர்காப்பு அங்கிகளுக்கும், தலைக்கவசத்துக்கும், எறிகயிறு வீசும் பழக்கத்துக்கும் போகட்டும்.

என் யோசனை இது. முதலாண்டிற் சுது கங்கையின் கரை வழியே நடந்து, விரைவோட்டங்களையும் அணைகளையும் வெளியேறும் வழிகளையும் மாணவரே படமாக வரையவேண்டும். பாலத் தூண் ஒன்றில் அளவுக்கோடு இட உரிய அனுமதி பெற்று, காலை மாலை நீர்மட்டத்தை ஓராண்டுக்குக் குறித்துவரட்டும். பூகோளமும் பௌதிகமும் அதனுள்ளே அடங்கும். ஓடம் செலுத்த விரும்புவோர், களனி கங்கையிற் கித்துல்கலவில், பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு ஒருநாட் பழகலாம். 'குவாய் ஆற்றுப் பாலம்' திரைப்படம் எடுத்த இடம் என்பதால் முதியோரும் உடன்செல்ல மறுக்கமாட்டார். இரண்டாம் ஆண்டில், அக்குறிப்புகளைக் கொண்டு, நீர் தாழ்ந்து நிலையாயுள்ள பருவத்தில், ஆற்றின் தகுந்த பகுதிகளை மட்டும் தெரிந்து, பகலில் ஓடமும் இரவில் ஊர்ப் பாடசாலைகளில் உறக்கமுமாக மூன்று நாட் பயணஞ் செய்யலாம். போவத்தென்னவுக்குக் கீழே வேண்டாம். தலைவர் ஒருவரே, அவர் "இன்று இல்லை" என்றால் வாக்கெடுப்பு இல்லை.

மின்சார சபை, மகாவலி அதிகாரசபை, நீர்ப்பாசனத் திணைக்களம், வைத்தியசாலை ஆகியவற்றிற் பணியாற்றும் பழைய மாணவர் நம்மிடையே பலர் உளர். இதற்கென ஒரு குழு அமையுமாயின், மிதவை விற்பவரை அழைப்பதற்கு முன் அவர்களை முதற் கூட்டத்துக்கு அழைக்குமாறு சங்கத்தின் செயலாளரைக் கேட்டுக்கொள்கின்றேன்.