பில்டருக்குக் காசு கொடுக்காதீங்க மக்கா, பெட்ரோலுக்குக் கொடுங்க

"இருண்ட நெபுலாவா? நல்ல பில்டர் ஒண்ணு வாங்கிக்க தம்பி, மொட்டைமாடியே போதும்."

போன வாரம் ஒரு சீனியர் புது பையன் ஒருத்தனுக்கு இப்படி அட்வைஸ் பண்ணிட்டிருந்தார். பையனோட ரெண்டாவது மாச சம்பளம். ரெண்டு வருஷம் முன்னாடி இதையே கேட்டு ஏமாந்தவன் நான். சும்மா இருக்க முடியல.

இருண்ட நெபுலாங்கறது தானா ஒளி விடாத தூசி மேகம். பின்னாடி இருக்கற நட்சத்திரங்களை மறைக்கறதாலதான் அது இருக்கறதே தெரியுது. 1919-ல பர்னார்டு இப்படி 182 இருட்டுகளைப் பட்டியல் போட்டார். மேகமா, வானத்துல ஓட்டையான்னு அவருக்கே ரொம்ப நாள் குழப்பம்.

இந்த டூயல் பேண்ட் பில்டர் விடறது ரெண்டே ரெண்டு நிறம். ஹைட்ரஜனோட சிவப்பு (656 நானோமீட்டர்), ஆக்சிஜனோட பச்சை (501). ஒளிரும் வாயு மேகத்துக்கு சூப்பர் ஐட்டம், மறுக்கல. ஆனா தூசிக்குப் பின்னாடி நமக்கு வேண்டியது நட்சத்திர ஒளி. அது எல்லா நிறத்துலயும் வருது. தெருவிளக்கை வெட்டறேன்னு அதையும் சேர்த்து வெட்டினா? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

"குதிரைத்தலையை சிட்டியில இருந்தே எடுக்கறாங்களே?"ன்னு உடனே கேப்பீங்க. எடுக்கலாம். ஏன்னா அதுக்குப் பின்னாடி எரியறது சிவப்பு ஹைட்ரஜன். கடைக்காரன் விளம்பரத்துல அந்தப் படத்தையே போடறதோட ரகசியம் அதான். விருச்சிகத்துக்குப் பக்கத்துல இருக்கற பைப் நெபுலாவை ஏன் போட மாட்டேங்கறான்? அங்க பின்னாடி இருக்கறது வெறும் பால்வீதி நட்சத்திரங்க. நான் மாடியில இருந்து நாலு ராத்திரி எடுத்தேன். கிடைச்சது அழுக்கு வேட்டி மாதிரி ஒரு சாம்பல் படம்.

சோடியம் விளக்கு காலத்துலயாவது 589 பக்கத்துல வெட்டினா கொஞ்சம் தப்பிக்கலாம். இப்ப வெள்ளை எல்இடி. எல்லா நிறத்துலயும் கொட்டுது, எதை வெட்டுவீங்க?

கணக்கும் சொல்லிடறேன், இஞ்சினியர் புத்தி. நகர வானம் கிராமத்து வானத்தைவிட 3.5 மேக்னிட்யூட் வெளிச்சம்னு வைங்க. அதாவது 25 மடங்கு. அதே தரத்துல படம் வேணும்னா 25 மடங்கு நேரம். மலையில 2 மணி நேரத்துல முடியறது மாடியில 50 மணி நேரம்.

"ஏஐ மென்பொருள் சரி பண்ணிடும்"னு ஒரு கோஷ்டி வேற. பண்ணிப் பார்த்தேன். ஒரே படம், ரெண்டு செட்டிங், தூசிக்கு ரெண்டு விதமா வால் முளைச்சுது. எது நிஜம்? அது படமா, கோலமா?

கார் இல்லாதவன் என்ன பண்ணுவான்னா, நியாயமான கேள்வி. பில்டர் விலையில பத்து தடவை பஸ்ல போயிட்டு வரலாம் சாமி.

அந்தப் பையனை அடுத்த அமாவாசைக்கு ஜவ்வாது மலைப்பக்கம் கூட்டிட்டுப் போறேன். இன்னும் ரெண்டு சீட் காலி.

டிஸ்கி: என் பில்டர் விலைக்கு இருக்கு. குதிரைத்தலை எடுக்கறவங்க மட்டும் கேளுங்க.